வரிசைப் பாதையை மாற்றி அமைத்தால் தீம் பார்க்கில் காத்திருக்கும் நேரம் குறையுமா?

கட்டடக்கலை பயிலும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பாடப் பணிக்காகச் சிறிய தீம் பார்க் ஒன்றை அவர் வரைந்துகொண்டிருக்கிறார். அதன் முக்கிய ரோலர் கோஸ்டருக்கு வரிசைப் பாதையை எப்படி அமைத்தால் மக்கள் காத்திருக்கும் நேரம் குறையும், மடித்து மடித்துச் செல்லும் கம்பித் தடங்கள் நல்லவையா, நீண்ட நடைபாதை நல்லதா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. கடிகாரம் காட்டும் காத்திருப்பைக் குறைப்பது ஒன்று. நிற்பவரின் உடலும் மனமும் உணரும் காத்திருப்பைக் குறைப்பது மற்றொன்று. தொழிற்பொறியியல் படித்து, பூங்காக்களின் இயக்கப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்வேன்: வரிசைப் பாதையின் வடிவம் கடிகார நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்காது. அந்த நேரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ரைடில் ஏறும் மேடையில் நடக்கும் வேலை ஒன்று, யாரை முன்னால் விடுவது என்று நிர்வாகம் எடுக்கும் முடிவு மற்றொன்று.

இதன் அடிப்படைக் கணக்கு எளிமையானது. வரிசையில் நிற்போரின் எண்ணிக்கையை, ஒரு மணி நேரத்தில் அந்த ரைடு ஏற்றிச் செல்லும் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். 1961இல் ஜான் லிட்டில் என்பவர் கணிதமாக நிறுவிய விதியின் நடைமுறை வடிவம் இது. 24 பேர் அமரும் ரயில் ஒன்று 60 விநாடிக்கு ஒருமுறை புறப்படுவதாகக் கொண்டால் மணிக்கு 1,440 பேர் ஏறுவர். வரிசையில் 1,000 பேர் இருந்தால் கடைசியில் நிற்பவர் ஏறக்குறைய 42 நிமிடம் காத்திருப்பார். அதே ரயில் 75 விநாடிக்கு ஒருமுறைதான் புறப்படுகிறது என்றால் மணிக்கு 1,152 பேர் மட்டுமே ஏற முடியும், அதே 1,000 பேருக்குக் காத்திருப்பு 52 நிமிடமாகிவிடும். ஒரு புறப்பாட்டுக்குப் 15 விநாடி தாமதம், கடைசி ஆளுக்குப் பத்து நிமிடமாக வந்து சேர்கிறது. அந்தப் 15 விநாடி எங்கே போகிறது என்று மேடையில் நின்று பார்த்தால் தெரியும்: ஒருவர் கைப்பையை எங்கே வைப்பது என்று தேடுகிறார், ஒருவருக்கு இடுப்புப் பட்டை பூட்டவில்லை, நான்கு பேர் கொண்ட குடும்பம் யார் யாருடன் அமர்வது என்று பேசிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, காத்திருப்பைக் குறைக்க விரும்பும் வடிவமைப்பாளர் முதலில் வரைய வேண்டியது ஏறுமேடையை. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும் அமைப்பு, இயன்றால் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் தனித்தனி நிலையங்கள், ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் தனியாகக் கோடிட்ட நிற்குமிடம், அதற்கு முன்னால் திறந்து மூடும் சிறு கதவு, “எத்தனை பேர்?” என்று கேட்டு இடம் ஒதுக்கும் ஊழியர் நிற்க ஒரு நல்ல இடம் ஆகியவை இங்கே வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மூன்று பேர், ஐந்து பேர் என்று ஒற்றைப்படையில் வரும் குழுக்களால் ஒவ்வொரு ரயிலிலும் இரண்டு இருக்கைகள் காலியாகப் போனால், 60 புறப்பாடுகளில் 120 இருக்கைகள் வீணாகின்றன. தனியாக ஏறச் சம்மதிப்பவர்களுக்கென்று பல பூங்காக்கள் தனி வரிசை வைத்திருப்பது இந்த இடைவெளியை நிரப்பத்தான். அந்த வரிசை மேடைக்கு அருகிலேயே, ஒதுக்கீடு செய்யும் ஊழியரின் கைக்கு எட்டும் தூரத்தில் முடிய வேண்டும். இருபது அடி தள்ளி முடிந்தால் அது பயன்படாது.

கைப்பை விஷயத்துக்கு நான் பார்த்த நல்ல தீர்வுகளில் ஒன்று, ஓர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்கா 2021இல் திறந்த வெலோசிகோஸ்டரில் இருக்கிறது. வரிசைக்குள்ளேயே, மேடைக்குச் சற்று முன்னால், இருபுறமும் திறக்கும் லாக்கர்கள் உள்ளன. ஏறப் போகிறவர் ஒரு பக்கம் வைக்கிறார். இறங்கி வருகிறவர் மறுபக்கம் எடுத்துக்கொள்கிறார். இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று மோதுவதில்லை, மேடையில் பை தேடும் வேலையும் இல்லை. உயரம் அளக்கும் கோலும், உடல்வாகு பெரிதாக உள்ளவர்கள் அமர்ந்து பார்க்க ஒரு மாதிரி இருக்கையும் வரிசையின் வாசலிலேயே இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். ஒரு மணி நேரம் நின்ற குழந்தையை மேடையில் வைத்து “உயரம் போதாது” என்று திருப்பி அனுப்புவது இரக்கமற்ற செயல். அந்த ரயிலும் தாமதமாகிறது.

நிற்காமல் ஓடிக்கொண்டே ஆட்களை ஏற்றும் ரைடுகள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தன. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969இல் திறக்கப்பட்ட ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டு ரைடில் வண்டிகள் ஒரே சங்கிலியாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன, ஏறுபவர் நகரும் பட்டையில் நடந்தபடி அமர்கிறார். புறப்பாட்டு இடைவெளி என்ற ஒன்றே அங்கு இல்லாததால், மணிக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அது ஏற்ற முடிகிறது. சில ரோலர் கோஸ்டர்களிலும் நகரும் பட்டையில் ஏறுவது உண்டு என்றாலும், ரயில்களை இப்படி இடைவெளியின்றி அனுப்ப இயலாது. கோஸ்டரின் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியில் ஒரு ரயில் மட்டுமே இருக்கலாம் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாட்டின்கீழ் ஓடுகிறது. முன்னால் சென்ற ரயில் பகுதியை விட்டு நீங்காதவரை, மேடை எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் அடுத்த ரயிலை அனுப்ப இயலாது. எனவே உங்கள் கோஸ்டரின் உச்சத் திறனை அதைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

இனி, நிர்வாகத்தின் முடிவு. 1999இல் டிஸ்னி பூங்காக்கள் ஃபாஸ்ட்பாஸ் என்ற முறையைக் கொண்டுவந்தன. ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு வேறு இடம் சென்று, குறித்த நேரத்தில் திரும்பி வந்தால் குறுகிய தனி வரிசையில் ஏறலாம். அப்போது அது இலவசம். 2021இல் அதன் இடத்தில் காசு கொடுத்து வாங்கும் முறை வந்தது. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த வொண்டர்லாவிலும் ஃபாஸ்ட்ராக் என்று தனி விலையில் சீட்டு உண்டு. இவை ஒரு இருக்கையைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை என்பதை வடிவமைப்பாளர் மனத்தில் இருத்த வேண்டும். முன் சொன்ன கோஸ்டரில், பொது வரிசையில் 600 பேர் நிற்பதாகக் கொள்வோம். எல்லா இருக்கைகளும் அவர்களுக்கே என்றால் 25 நிமிடம். பாதி இருக்கைகள் தனி வரிசைக்குச் சென்றால் 50 நிமிடம். ஐந்தில் நான்கு சென்றால் 125 நிமிடம். அதே 600 பேர், அதே பாதை, அதே ரயில். இரண்டு வரிசைகளும் சேரும் இடத்தில் நிற்கும் ஊழியர் இந்தப் பக்கம் எத்தனை பேரை, அந்தப் பக்கம் எத்தனை பேரை விடுகிறார் என்ற விகிதத்தில்தான் முழு வேறுபாடும் அடங்கியிருக்கிறது. வடிவமைப்பாளர் எவ்வளவு அழகாகச் சுவர் எழுப்பினாலும் இந்த விகிதம் அவர் கையில் இல்லை. ஆனால் அந்தச் சேருமிடத்தை எங்கே வைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது. மேடையிலிருந்து சற்றுத் தள்ளி அதை வைத்து, சேர்ந்த பிறகு எல்லோரும் ஒரே வரிசையாகச் சிறிது தூரம் நடக்கும்படி செய்தால், கண்ணெதிரே தம்மைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து நிற்கும் எரிச்சல் ஓரளவு குறையும்.

அந்த எரிச்சலைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. வரிசைகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் லார்சன், 1987இல் எழுதிய கட்டுரையில் வரிசையைச் சமூக நீதியோடு சேர்த்தே பேசினார். பின்னால் வந்தவர் முன்னால் போவது, காத்திருந்த நிமிடங்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக மனத்தைப் புண்படுத்தும் என்பது அதன் சாரம். ஒரே வரிசையாக மடித்துச் செல்லும் தடங்களுக்கு ஆதரவாக நான் சொல்லும் முதல் காரணமும் இதுதான்: முதலில் வந்தவர் முதலில் ஏறுவார் என்ற உறுதியை அவை அளிக்கின்றன. நான்கு இணை வரிசைகள் வைத்தால் சராசரி நேரம் மாறாமலே இருக்கக்கூடும். ஆனால் பக்கத்து வரிசை வேகமாக நகர்வதாக ஒவ்வொருவருக்கும் தோன்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் இடம். நிற்கும் கூட்டத்தின் நெருக்கத்தை அளவிட்டுத் தரம் பிரித்தவர் ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1971இல் அவர் தந்த அளவுகளை இன்றும் பயன்படுத்துகிறோம். ஒருவருக்கு 0.65 முதல் 0.93 சதுர மீட்டர் வரை இருந்தால் நெருங்கி நின்றாலும் உடல் தொடாமல் நிற்கலாம். 0.2 சதுர மீட்டருக்கும் கீழே போனால் உடலோடு உடல் ஒட்டிவிடும், அங்கே தள்ளுமுள்ளு ஆபத்தானது. ஆளுக்கு 0.7 சதுர மீட்டர் என்று வைத்தால் 600 பேருக்கு 420 சதுர மீட்டர் வேண்டும். ஒரு மீட்டர் அகலத் தடமென்றால் 420 மீட்டர் நீளம். 15 மீட்டர் நீளத் துண்டுகளாக மடித்தால் 28 துண்டுகள். சிறிய பூங்காவில் மடிக்காமல் இவ்வளவு நீளத்தை எங்கும் வைக்க முடியாது. மடிப்பதென்று முடிவானால் திருப்பங்களைக் கவனியுங்கள். சக்கர நாற்காலி செல்ல அமெரிக்க விதிகள் 91.5 சென்டிமீட்டர் அகலத்தைக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றி முழுதாகத் திரும்பும் இடத்தில் 122 சென்டிமீட்டர் வேண்டும். நேர் தடத்தில் நாற்காலி சென்று, திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும் பாதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிடைமட்டக் கம்பிகளைக் குழந்தைகள் ஏணியாக்கி ஏறுவார்கள் என்பதால் செங்குத்துக் கம்பிகளையே தேர்ந்தெடுங்கள். கூட்டமில்லாத நாளில் காலியான 28 துண்டுகளையும் ஒருவரை நடக்க வைப்பது வீண் என்பதால், இடையிடையே திறந்துவிடக்கூடிய சங்கிலிகளை வையுங்கள். மிகுந்த கூட்ட நாளில் வரிசை வாசலைத் தாண்டி வெளியே வழியும். எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்பதையும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள், இல்லையேல் அது தானாகவே பூங்காவின் பொது நடைபாதையில் போய் நிற்கும்.

இரண்டாம் கேள்விக்கு, அதாவது உணரும் காத்திருப்புக்கு, வருகிறேன். இங்கே என் உறுதி சற்றுக் குறைகிறது. 1985இல் டேவிட் மெய்ஸ்டர் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. ஈடுபாட்டோடு கழியும் நேரம் வெறுமனே கழியும் நேரத்தைவிடக் குறைவாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளும். காரணம் சொல்லப்படாத தாமதம் சொல்லப்பட்டதைவிடக் கசக்கும். தனியாக நிற்பது கூட்டாளிகளோடு நிற்பதைவிட நீளும் என்றெல்லாம் அதில் வருகிறது. என் அனுபவத்தில் இவை பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கின்றன. ஆனால் இவை சேவைத் துறை அனுபவத்திலிருந்து தொகுக்கப்பட்ட கூற்றுகள், தீம் பார்க்கில் அளந்து பெற்ற எண்கள் அல்ல. ஆகவே “சுவரோவியம் வைத்தால் இத்தனை சதவீதம் குறைவாகத் தோன்றும்” என்று யாராவது உங்களிடம் எண் சொன்னால் நம்ப வேண்டாம்.

கதையோடு கூடிய வரிசை எவ்வளவு நன்றாக அமையலாம் என்பதற்கு டிஸ்னிலேண்டில் 1995இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் ரைடைச் சொல்வேன். ரைடின் கட்டடம் பூங்காவைச் சுற்றியுள்ள மண்மேட்டுக்கு அப்பால் இருப்பதால், அங்கே போய்ச் சேரவே நீண்ட தூரம் நடக்க வேண்டும்; அந்தக் கட்டாயத்தையே அவர்கள் பாழடைந்த கோயில் ஒன்றின் வழியாகச் செல்லும் பயணமாக மாற்றினார்கள். சுவரிலிருந்த விசித்திர எழுத்துகளைப் படிக்க ஒரு சீட்டையும் தொடக்கத்தில் தந்தார்கள், அதை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே மக்கள் நகர்ந்தார்கள். ஹான்டட் மேன்ஷனில் முதலில் வரும், சுவர்கள் மேல்நோக்கி நீள்வதுபோலத் தோன்றும் அறையும் இதே இனம். கலிஃபோர்னியாவில் அது உண்மையில் ஒரு லிஃப்ட். பூங்காவைச் சுற்றி ஓடும் ரயிலின் இருப்புப் பாதைக்கு அடியில் சென்று அப்பால் உள்ள கட்டடத்தை அடைய, மக்களைக் கீழே இறக்குவதற்கு வந்தது. ஃப்ளோரிடாவில் கட்டும்போது அந்தத் தேவை இல்லை, என்றாலும் அறையை விடாமல், கூரை மேலே எழும்படி செய்து வைத்துக்கொண்டார்கள். வெளியே நிற்பவர்களைத் தொகுதியாக உள்ளே அழைத்ததுமே ரைடு தொடங்கிவிட்ட உணர்வு வந்துவிடுகிறது என்பதே காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இத்தகைய முன்காட்சி அறை வைக்க நினைத்தால் அதன் சுற்றையும் ரைடின் திறனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு நிமிடக் காட்சிக்கு 60 பேர் என்றால் மணிக்கு 900 பேர். 1,440 பேரை ஏற்றும் கோஸ்டருக்கு அந்த அறையே தடையாகிவிடும். அதனால்தான் இரண்டு அறைகளை மாற்றி மாற்றி இயக்குவது வழக்கம்.

வரிசையின் முழு நீளமும் கண்ணில் படாதபடி அறை அறையாகப் பிரிப்பது எல்லோரும் செய்வது. அதில் எனக்கு ஒரு மனத்தடை உண்டு. முடிந்துவிட்டது என்று எண்ணித் திரும்பும் இடத்தில் மறுபடியும் நூறு பேர் நிற்பதைப் பார்க்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை நல்ல வடிவமைப்பு என்று சொல்லமாட்டார்கள். பிரியுங்கள், ஆனால் ஒவ்வொரு அறையிலும் இங்கிருந்து இன்னும் எவ்வளவு நேரம் என்று எழுதிவையுங்கள். வாசலில் எழுதும் நேரத்தைச் சற்றுக் கூட்டியே எழுதும் பழக்கம் பூங்காக்களில் உண்டு. சொன்னதைவிட முன்னதாக ஏறியவர் மகிழ்ச்சியோடு போவார் என்பது அதன் நியாயம். சிறிதளவு என்றால் ஏற்றுக்கொள்ளலாம். உண்மையான நேரத்தை அளக்க எளிய வழி, வரிசையில் நுழையும் ஒருவரிடம் நேரம் குறித்த அட்டை ஒன்றைக் கொடுத்து மேடையில் திரும்பப் பெறுவது. டிஸ்னியும் நெடுங்காலம் அப்படித்தான் செய்தது.

திறனையும் ஈடுபாட்டையும் சேர்த்தே செய்ததற்கு எனக்குப் பிடித்த சான்று, ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் உள்ள டம்போ யானை ரைடு. சிறு குழந்தைகளுக்கானது, ஒரு சுற்றில் சிலரே ஏற முடியும், வரிசையோ வெயிலில் நின்றது. 2012இல் அதைப் புதிய இடத்துக்கு மாற்றியபோது முதலில் இரண்டாவது சுழலை அமைத்துத் திறனை இரட்டிப்பாக்கினார்கள். பிறகு வரிசையின் நடுவே குளிரூட்டப்பட்ட கூடாரத்தில் விளையாடும் இடம் வைத்து, பெற்றோர் கையில் பேஜர் ஒன்றைத் தந்து, முறை வரும்போது அழைத்தார்கள். எது முதலில், எது பிறகு என்ற இந்த முறையை உங்கள் திட்டத்திலும் பின்பற்றுங்கள். முதல் செலவு மேடைக்கு, அடுத்து நிழல், மின்விசிறி, குடிநீர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அமரும் திண்டு. அதன் பிறகே ஓவியமும் கதையும். நம் ஊர் மே மாத வெயிலில் தகரக் கூரையின்கீழ் நிற்பவருக்கு எந்தச் சுவரோவியமும் ஆறுதல் தராது.

நிற்காமலே காத்திருக்கும் முறை, அதாவது செயலியில் எண் பெற்று வெளியே உலவி, அழைப்பு வந்ததும் வருவது, எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகின்றனர். இதில் எனக்கு ஐயம் உண்டு. பூங்காவுக்குள் இருக்கும் மொத்த மக்கள்தொகை மாறாது. வரிசையில் இல்லாத 600 பேர் நடைபாதையிலோ உணவகத்திலோ அடுத்த ரைடின் வரிசையிலோதான் இருப்பார்கள். 2019 டிசம்பரில் திறந்த ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் என்ற ஸ்டார் வார்ஸ் ரைடுக்கு டிஸ்னி இந்த முறையைத்தான் வைத்தது. பத்து மணி நேர வரிசை உருவாகாமல் அது தடுத்தது என்பது உண்மை. அதே ஆண்டு ஜூனில் யுனிவர்சலில் ஹாக்ரிட் என்ற ஹாரி பாட்டர் கோஸ்டர் திறந்த நாளில் காத்திருப்பு பத்து மணி நேரத்தைத் தொட்டதை நினைத்தால் அதன் அருமை புரியும். ஆனால் காலையில் சில விநாடிகளில் எண் கிடைக்காதவர் அன்று முழுக்க ஏற முடியாமல் போனதும் உண்மை. புதிய ரைடின் முதல் சில மாதங்களுக்கு நல்ல ஏற்பாடு, நிரந்தரத் தீர்வாக நான் பரிந்துரைக்கமாட்டேன். உலவப் போகும் மக்களுக்கு அமர இடமில்லாத சிறிய பூங்காவில் அது இன்னும் பொருந்தாது.

கடைசியாக, மாணவர் வரைபடங்களில் பெரும்பாலும் விடுபடும் ஒன்று. கோஸ்டர் திடீரென நிற்கும். மழை வந்தாலும், ஓர் உணரி (சென்சார்) பழுதானாலும் நிற்கும். அப்போது 420 மீட்டர் பாதைக்குள் இருக்கும் 600 பேரில் பலர் வெளியேற விரும்புவர், ஒருவருக்கு மயக்கம் வந்திருக்கும், ஒரு குழந்தைக்குக் கழிப்பறை வேண்டியிருக்கும். வந்த வழியே கூட்டத்தை எதிர்த்து நடக்கச் சொல்லாமல், ஒவ்வொரு நாலைந்து துண்டுக்கும் பக்கவாட்டில் திறக்கும் ஒரு கதவை வையுங்கள். ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலம் அதற்கு வேண்டும். பயந்து கடைசி நொடியில் ஏற மறுப்பவர் மேடையிலிருந்து நேராக இறங்கிச் செல்லும் வழி ஒன்றும், ஒலிபெருக்கி எல்லாத் துண்டுகளிலும் கேட்கும்படியான இடங்களும் வரைபடத்தில் தெரிய வேண்டும். நின்ற இரண்டு நிமிடத்துக்குள் ஊழியர் காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரு மைக், சேருமிடத்தில் நிற்பவரின் கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.